புத்தகம் இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். மற்ற சமயத்து மாணவர்களும் படிக்கலாம். படிக்கிற புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான பாடம்தானே.

தேனி, போடி, கம்பம் என்று எங்கே போனாலும் நம் லுத்தரன் குடும்பத்தார் பாடும் பல்லவி ஒன்றே. "சார், வேதபாடம் நடத்த நமக்கென்று நல்ல புத்தகம் எதுவும் இல்லை." இது உண்மையல்ல. புத்தகம் இருக்கிறது. எடுத்துத் தூசி தட்ட ஆள்தான் இல்லை.

நாம் இங்கே சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 1834-இல் வந்த அமெரிக்கன் மதுரை மிஷன் வேலை செய்த பகுதி இது. அந்தச் சபைகள் இன்று சி.எஸ்.ஐ. ராயப்பன்பட்டிப் பக்கம் போனால் கத்தோலிக்கர். நம் சுவீடன் மிஷன் உசிலம்பட்டி வரை வந்தது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து தங்கியவர்கள் நம்மில் பலர். ஆகவே பக்கத்து வீட்டில் கிடைத்ததைக் கடன் வாங்குவது பழக்கமாகிவிட்டது. முன்பு வாங்கியது துண்டுப் பிரசுரம். இப்போது வாட்ஸ்அப் பி.டி.எஃப்., யூடியூப் தீர்க்கதரிசி.

"எந்தப் புத்தகமா இருந்தா என்ன சார், எல்லாம் வேதம்தானே?" என்பீர்கள். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று. "களவு செய்யாதிருப்பாயாக" எத்தனையாவது கட்டளை? நம் ஞானோபதேசத்தில் ஏழாவது. கடன் வாங்கிய ஞாயிறு பள்ளிப் புத்தகத்தில் எட்டாவது. நாமும் கத்தோலிக்கரும் எண்ணுவது ஒரு முறை, மற்ற புரொட்டஸ்டண்ட் சபைகள் எண்ணுவது வேறு முறை. இரண்டும் தப்பில்லை. ஆனால் கோவிலில் ஒன்று, பாடப் புத்தகத்தில் ஒன்று என்று படிக்கிற பிள்ளை திடப்படுத்தல் வகுப்பில் திருதிருவென்று முழிக்கிறது.

இரண்டு. நாம் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். தேவன் முந்திக்கொண்டு கொடுக்கிற கிருபை என்று நம்புகிறோம். ஆனால் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாசிக்கிற புத்தகமோ, "நீயாக முடிவெடுத்து முழுகி எழும்பினால்தான் செல்லும்" என்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற தாய், தன் பிள்ளைக்கு நடந்தது வெறும் சடங்கோ என்று குழம்புகிறாள்.

மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய், மலைப்பாதை விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண். நாற்பதாம் நாள் ஜெபத்தில் ஒருவர், போனில் வந்த "வேதபாடம்" ஒன்றை வாசித்தார். விசுவாசமுள்ள வீட்டில் அகால மரணம் வராதாம். வந்தால் ஏதோ சாபம் மறைந்திருக்கிறதாம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லுத்தர் 1518-இல் ஹைடல்பெர்க்கில் வாதாடியதே இதற்காகத்தான். தேவனைப் பாடுகளிலும் சிலுவையிலும் தேடு, செழிப்பிலும் வெற்றியிலும் அல்ல என்றார். அந்தப் பரம்பரையில் வந்த நாம், துக்க வீட்டில் சாபக் கணக்கு வாசிக்கிறோம்!

இப்போது நம் சொத்துக் கணக்கைப் பார்ப்போம். 1528-இல் லுத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனார். ஜனங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, போதகர் பலருக்கும் தெரியவில்லை. மனம் நொந்து 1529-இல் எழுதியதுதான் சிறிய ஞானோபதேசம். பண்டிதருக்காக அல்ல, வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதியது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகி, அதைத் தமிழாக்கினார். 1715-இல் புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டு முடித்தார். 36 வயதில் இறந்தும் போனார். பப்ரிசியஸ் வேதத்தையும் ஞானப்பாட்டுகளையும் தமிழில் தந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வேதத்தைக் கீர்த்தனையாகவும் குறவஞ்சியாகவும் பாடிவைத்தார். இத்தனையும் வைத்துக்கொண்டு "நமக்கு ஒன்றுமில்லை" என்பது, வயிரவனாற்றுக் கரையில் உட்கார்ந்து தண்ணீர் கேன் தேடுவது போல.

"அதெல்லாம் பழசு சார், இளைஞர்கள் வரமாட்டார்கள்" என்கிறவர்களுக்கு ஒரு பதில். சூத்திரத்தை மனப்பாடம் மட்டும் செய்யவைத்தால் கணக்கும் பழசுதான். ஞானோபதேசம் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இதன் பொருள் என்ன என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்றால் வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். அப்புறம் பாருங்கள்.

"இது சபை வெறி" என்றும் சிலர் சொல்வார்கள். இல்லை. வேத நாட்டு வரைபடம், சரித்திரம், அகராதி எல்லாம் எந்தச் சபையார் எழுதியதானாலும் வாங்குங்கள். கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தில் நல்ல தமிழ் விளக்கவுரைகள் உண்டு. மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நம் திருச்சபையும் சேர்ந்துதான் நடத்துகிறது. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். கடன் வாங்குவது தப்பில்லை. சொந்த வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கடன் வாங்குவதுதான் தப்பு.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சபைத் தேர்தலுக்கு வண்ண நோட்டீஸ் அடிக்கப் பணம் இருக்கிறது. வழக்குக்குப் பணம் இருக்கிறது. ஞானோபதேசம் நூறு பிரதி வாங்கப் பணம் இல்லையா? ஒரு போதகர் பல ஊர்களைப் பார்க்கிற நிலையில், அன்றைய உபதேசியார்கள் செய்த வேலையை இன்று படித்த சபையார்தான் செய்ய வேண்டும். முதல் தமிழ்ப் போதகர் ஆரோன் ஐயர் 1733-இல் அபிஷேகம் பெறும்முன் உபதேசியாராக இருந்தவர்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. வருகிற அட்வெந்து முதல் வாரம் ஒரு மாலை. முதலில் ஞானோபதேசம், பிறகு மாற்கு சுவிசேஷம், வாரம் ஒரு அதிகாரம், பதினாறு வாரம். பழைய வேதாகமத்தையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரோமர் நிருபத்தில் ஒன்றில் "நீதிமான்", மற்றதில் "ஏற்புடையவர்". ஏன் இந்த வித்தியாசம் என்று பேசினாலே ஒரு மாலை போதாது. ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்வி: இது என்னிடம் என்ன கேட்கிறது? கிறிஸ்துவுக்குள் எனக்கு என்ன கொடுக்கிறது? நம் தெருவுக்கு என்ன சொல்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத எந்தப் புத்தகத்தையும், எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், ஓரமாக வைத்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்