வாயிலில் நிற்பவன் யார்?



கள்ளிக்குப்பத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கடைசல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். 2022-ஆம் ஆண்டில் ஒரு மாலை, அவரது கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சென்ற மாத மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்றது அது. நம் மாநிலத்து வீடுகளில் இரு மாதங்களுக்கு ஒருமுறையே கணக்கெடுப்பது வழக்கம். பதற்றத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. அழைத்தார். மறுமுனையில் பேசியவன் பணிவோடு ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் செலுத்தச் சொன்னான். அச்செயலியோ, திரையில் தெரிவதையெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொடுப்பது. பேத்தியின் படிப்புக்கென்று வைத்திருந்த சேமிப்பு சில நிமிடங்களில் பறிபோயிற்று.

அதனினும் பெரிய துயரம் ஒன்றுண்டு. பிள்ளைகள் கடிந்துகொள்வார்களே என்று அஞ்சி, மூன்று நாட்கள் அவர் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டி மறைந்துவிட்டது.

அவரை வீழ்த்தியது பேராசையன்று, பயமும் அவசரமுமே. வஞ்சகர் அணியும் வேடங்கள் பல; இவ்விரண்டும் எல்லாவற்றிலும் உண்டு. காவலர் உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் பிரதமரே தம் வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். மேலதிகாரியின் புகைப்படத்தை வைத்துப் பரிசுக் கூப்பன் கேட்கும் மோசடியைப் பற்றி, 2022-இல் காவல்துறைத் தலைமை இயக்குநராயிருந்த திரு. சைலேந்திர பாபு எச்சரித்தார். நாளை நம் பங்குக் குருவின் படத்தோடும் அப்படியொரு செய்தி வரலாம். வந்தால், நாம் முன்பே அறிந்த எண்ணில் அவரை அழைத்துக் கேட்பதே முறை. மேய்ப்பனின் குரலை அறிந்த ஆடு அந்நியன் பின்னே போகாதன்றோ?

சில விதிகளை மனத்தில் இருத்துவோம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கியும் கேட்பதில்லை. மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாமல், வங்கியின் முகவரியை நாமே தட்டச்சு செய்வோம். 2025 அக்டோபர் 31-க்குள் நம் வங்கிகள் தம் இணையத்தள முகவரிகளை "டாட் பேங்க் டாட் இன்" என முடியுமாறு மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. ஆகவே முகவரியின் வாலைப் பார்ப்பது நல்ல பழக்கம். அழைப்பிதழ் என்று சொல்லி வரும் செயலிக் கோப்புகளைத் திறக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்? உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் ஏதேனும் ஒரு கணக்கில் தங்கியிருக்கும்போதே அதனை முடக்கிவைக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, நம் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும்வரை நம்மைச் சாரும். அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு மணித்துளியும் விலையுள்ளது.

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் இரண்டு தீர்மானங்கள் எடுங்கள். பணம் கேட்டு எது வந்தாலும், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லாமல் செயல்படுவதில்லை. ஏமாந்து வந்து நிற்பவரை எவரும் ஏளனம் செய்வதில்லை. அந்தப் பெரியவர் முதல் நாளே பேசியிருந்தால், ஒருவேளை பேத்தியின் பணம் மீண்டிருக்கும். அவர் பேசத் துணியும் வீடாக நம் வீடு இருக்கிறதா?