கட்டிலுக்கு அடியில் ஒரு விமானம்

என் அக்காவின் மூக்கு சாமானியமானதல்ல. அடுத்த வீட்டில் பால் பொங்கினால், அந்த வீட்டு அம்மாளுக்குத் தெரிவதற்கு முன் இவளுக்குத் தெரிந்துவிடும். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் எனக்குப் போன் செய்தாள்.

"வீட்டில் விளக்கெண்ணெய் வாசனை அடிக்கிறதடா! இங்கே யாரும் விளக்கெண்ணெய் குடித்து இருபது வருஷம் ஆகிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை" என்றாள்.

நான் போய்ச் சேருவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். பையனின் கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப் பை. அதற்குள் இறக்கை ஒடிந்த ஒரு மாதிரி விமானம். மூக்கில் இருந்த குட்டி எஞ்சினில் சேறு அப்பிக் காய்ந்து கிடந்தது.

எஞ்சின் அத்தானுடையது. ஆறரை ஸி.ஸி.; ஜப்பானில் செய்தது. காலேஜ் நாளில் டியூஷன் சொல்லிக் கொடுத்த காசில் வாங்கியது. அவர் உத்தியோக நிமித்தமாக விசாகப்பட்டினம் போயிருந்தார். பதினைந்து வயது மருமான், யாரிடமும் சொல்லாமல் அதை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அறுபது அடி நீளமுள்ள இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்து, தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்க விடும் விமானம் அது. திடீரென்று காற்று மாறியது, கம்பி தொய்ந்தது, விமானம் மழைச் சேற்றில் தலைகீழாகக் குத்தியது. அதோடு பதினைந்து நாள் கட்டிலுக்கு அடியில் வாசம்.

"அப்பா வருவதற்குள் சரி பண்ண முடியுமா, மாமா?" என்று கேட்டான். குரல் பாதிதான் வெளியே வந்தது.

விமானத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இந்த எஞ்சின்கள் பெட்ரோலில் ஓடுவதில்லை. மெதனால் என்ற சாராயமும் விளக்கெண்ணெயும் கலந்த திரவம்தான் ஆகாரம். விளக்கெண்ணெய் அதிகச் சூட்டையும் தாங்கி வழவழப்பைக் கொடுக்கும்; மெதனாலில் நன்றாகக் கரையும். தீ மூட்டுவது குளோ பிளக் என்ற சிறு சாமான். அதில் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. முதலில் ஒன்றரை வோல்ட் பாட்டரியால் சூடேற்றிவிட்டால் போதும். பிறகு மெதனால் ஆவி பட்டுப் பட்டுத் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலோர் பாட்டரி மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்த வாசனைக்கு மயங்கியவர்கள் அத்தானைப் போல இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் மூவரும் போனோம். எஞ்சினைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்த பிறகு விசிறியைச் சுற்றிப் பார்த்தாயா?" என்பதுதான்.

"ஒரே ஒரு தடவை, ஸார். கரகர என்றது. விட்டுவிட்டேன்."

"எல்லோரும் செய்கிற தப்பு அது. ஓடுமா, ஓடாதா என்று உடனே பார்க்க மனசு துடிக்கும். உள்ளே ஒரு பொடி மணல் இருந்தால் போதும், பிஸ்டனைக் கீறிவிடும். கழுவும் வரையில் தொடக் கூடாது" என்றார்.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் கிரோஸினும் கொண்டு முதலில் வெளிச் சேற்றைக் கழுவினார். பிறகு பிளக், கார்புரேட்டர், பின் மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். அக்கா கழித்துக் கட்டிய இட்லித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கழற்றிய வரிசைப்படி குழிக்கு ஒரு சாமான். ஒரு திருகாணி கூடத் தவறவில்லை. (அந்தத் தட்டில் இனி இட்லி வார்க்கக் கூடாது. மெதனால் கொடிய விஷம். பகல் வெளிச்சத்தில் அது எரிவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அடுப்பங்கரைப் பக்கமே அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.)

விசிறி விரிந்திருந்தது, ஒட்டக் கூடாது, தூர எறி என்றார். பெட்ரோல் அளவைத் திருத்துவது போல, இதில் எரிபொருளைத் திருத்தும் ஊசி வளைந்திருந்தது; புதிது வாங்க வேண்டும். சுழல் தண்டை மெல்ல உருட்டி, அதன் நுனி ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. பிஸ்டனில் மயிரிழை போல ஒரு கீறல். "இது இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

கடைசியில் பேரிங்கைத் துடைத்துக் காட்டினார். குண்டுகளெல்லாம் செந்துரு!

"மெதனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். போதாததற்குச் சேற்று ஈரம் வேறு. அன்றைக்கே கழுவி எண்ணெய் விட்டிருந்தால் இது பிழைத்திருக்கும். விழுந்ததால் போனது ஓர் ஊசி, ஒரு விசிறி. ஒளித்து வைத்ததால் போனது பேரிங்."

பையன் தலை குனிந்தான். அக்கா ஏனோ என்னைப் பார்த்தாள்.

பேரிங்கை எப்படி எடுப்பது? எண்ணெய்ப் பசை போகத் துடைத்து உலர்த்திய அலுமினிய உடலைத் தம் பட்டறை அவனில் 150 டிகிரி வரை சூடாக்கி, மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டினார். பேரிங் பொத்தென்று விழுந்தது. சூட்டில் எஃகை விட அலுமினியம் அதிகம் விரியும். இறுகிப்போன ஊறுகாய் பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டித் திறக்கிறோமே, அதே வித்தைதான்! பாரிமுனைக் கடையில் அதே எண்ணுள்ள பேரிங் கிடைத்தது. திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாய் முடுக்கினார்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் மூடி கோணிக்கொள்ளுமாம்.

அத்தான் திரும்பி வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், இட்லித் தட்டில் துருப் பிடித்த பேரிங்கை வைத்து எடுத்துக்கொண்டு வந்து பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அத்தான் கொஞ்ச நேரம் பேரிங்கையே பார்த்தார்.

"எத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாய்?"

"பதினைந்து நாள், அப்பா."

"அந்தப் பதினைந்து ராத்திரியும் தூங்கினாயா?"

பையன் இல்லையென்று தலையை ஆட்டினான். அத்தான் வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனோம். விசிறியை விரலால் தொடாமல் சிறு கட்டையால் தட்டினான். நாலாவது தட்டலில் எஞ்சின் சீறிக் கிளம்பியது. விசிறிக்குப் பின்புறமாக நின்றுகொண்டு அத்தான் ஊசியைத் திருத்தினார். விளக்கெண்ணெய்ப் புகை எங்கள் மேல் கமழ்ந்தது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"விளக்கெண்ணெய்க்கு வாசனை உண்டு; கண்டுபிடித்துவிட்டேன். வாசனையே இல்லாத சங்கதி ஏதாவது கட்டிலுக்கு அடியில் போயிருந்தால் என்னடா செய்திருப்பேன்? அவனாக வந்து சொல்லும்படி அல்லவா நான் இருக்க வேண்டும்!"