பெயர் மாறுகிறது, பள்ளம் மாறுமா?

அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிப்போன ஒரு சொல் போவது நல்லதுதான். ஆனால் மழைத் தண்ணீர் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை. அது பள்ளத்தைத் தேடி வருகிறது. அந்தப் பள்ளத்தில் யாருடைய வீடுகள் இருக்கின்றன என்பதுதான் இப்போது நாம் பேச வேண்டியது.

நம் பகுதியில் பல ஊர்களின் அமைப்பு ஒன்றுபோல இருக்கும். மேட்டில் ஊர், கோயில், கடைத்தெரு. அதைத் தாண்டி ஓடைக்கரையிலோ கண்மாய்க்குக் கீழேயோ, ஊர்த் தண்ணீர் வடிந்து சேரும் இடத்திலோ நம் குடியிருப்பு. அந்த இடத்தை நம் பாட்டன் பூட்டன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஊருக்குள் இடமில்லை என்று சொன்னதால் ஒதுங்கியது அங்கே. பிறகு 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு அரசு நிலம் எடுத்தபோதும், விலைபோகாத தாழ்வான நிலமே பல இடங்களில் நமக்கு வாய்த்தது. இன்று அதே மக்களின் கையில் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் தரப்படுகிறது.

இடம் எப்படி உயிரெடுக்கும் என்பதை மேட்டுப்பாளையம் காட்டியது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, நடூர் குடியிருப்பில் தனியார் வீட்டின் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் கனமழையில் ஊறி, ஒட்டியிருந்த வீடுகளின்மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அனைவரும் தலித் மக்கள். வீடு பலமாக இருந்ததா என்ற கேள்விக்கு முன்பாக, அந்தச் சுவரை அவ்வளவு உயரத்துக்கு அங்கே கட்ட விட்டது யார் என்ற கேள்வி இருக்கிறது.

அது கோவைப் பக்கம், நம் திண்டுக்கல் வறண்ட மாவட்டம், இங்கே ஏது வெள்ளம் என்று சிலர் கேட்கலாம். வேடசந்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் 1977-ஐப் பற்றிக் கேளுங்கள். அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே புதிதாகக் கட்டப்பட்டிருந்த அணை, அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் ஷட்டர்களை முழுவதும் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள், கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் மண்கரைக்கு மேலேறி வழிந்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமான உடைப்புகளை உண்டாக்கியது. வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டர் கூடுதல் உயரம் விட்டுக் கட்டிய அணை அது.

ஆண்டில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆறுதான் நம்மை ஏமாற்றுகிறது. தண்ணீரே வராத ஓடை என்று நினைத்துக் கரையில் மனை போடுகிறோம். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும்போது, சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விழுந்த தண்ணீர் சில மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008-இல் வெளியிட்ட வெள்ள வழிகாட்டுதல், 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலேதான் குடியிருப்புகள் இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் மாதிரிச் சட்டத்தை ஒன்றிய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்களே சட்டம் இயற்றின. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை.

இப்போது ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. மேட்டு மனைக்காரருக்கு அந்தப் பணம் சுவரிலிருந்து தொடங்கும். பள்ளத்து மனைக்காரருக்கு கிராவல் அடிக்கவும் பேஸ்மட்டம் தூக்கவுமே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு வட்டிக்கடன். பட்டா இல்லாத புறம்போக்குக் குடும்பத்துக்கு அந்தப் பணமும் இல்லை.

ஆகவே கட்டத் தொடங்குகிறவர்கள் சிலவற்றை மனத்தில் வையுங்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துப்போய், இதுவரை வந்த பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது என்று அடையாளம் போடச் சொல்லுங்கள். வீட்டுத் தரை அதற்குமேல் குறைந்தது இரண்டடி இருக்கட்டும். நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் தரை இறங்கும். கரிசல் மண்ணானால் கெட்டித் தரை வரும்வரை வானம் தோண்டுங்கள். பேஸ்மட்டத்திலும் ஜன்னலுக்கு மேலும் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டால் சுவர் எளிதில் பிளக்காது. மாடிப்படியை வெளிப்பக்கம் வையுங்கள். இரவில் தண்ணீர் வந்தால் குழந்தைகளோடு ஏறி நிற்க அதுதான் வழி. கழிப்பறைத் தொட்டியின் மூடியும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

தெருவையும் கவனியுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டால், ஒவ்வொரு முறையும் வீடுகள் தாழ்ந்துபோகின்றன. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார். ஒப்பந்ததாரரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஓடைக்குள்ளேயே இருக்கும் மனையைக் கொத்தனாரால் காப்பாற்ற முடியாது. அங்கே மாற்று மனைதான் தீர்வு. அது இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கூடாது. வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரத்தில், ஊரோடு சேர்ந்த மேட்டு நிலமாக இருக்க வேண்டும். பட்டிவீரன்பட்டிப் பகுதியில் பிறந்த நம் மாவட்டத்துக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981-இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சையின் நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பதிவு செய்யவைத்தார். மழைக்குக் கரையும் மண்குடிசைகளுக்குப் பதில் செங்கல் வீடுகள் கட்டும் வேலையும் அதோடு நடந்தது. நிலத்தையும் வீட்டையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள். வீட்டுமனை ஒதுக்கும் முன் நில மட்டத்தை அளந்து எழுத்தில் தர வேண்டும். பள்ளத்து மனைகளை நிரப்பும் செலவை அரசே ஏற்க வேண்டும். மாற்று மனைக்குப் பட்டா கையில் கிடைக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவில் வெள்ளம் ஏறிய உயரத்தை வீடுவீடாகக் கேட்டு, ஒரு நோட்டில் குறித்து, தீர்மானத்தோடு இணைத்துக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அதிகாரி மறந்துவிடுவார். எழுதிக் கொடுத்த அளவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.