கால்கோளுக்கு முன்பே தொடங்கும் காலத்தாழ்ச்சி

நகர்ச் சாலைப்பணி ஒன்று குறித்த நாளில் முடிந்தது எனக் கேட்டால் வியக்கிறோம். முடியவில்லை எனக் கேட்டால் வியப்பதில்லை. இவ்வாறு பழகிப் போனதே நமக்கு நேர்ந்த முதற் கேடு. தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், வாங்குவோர் வர வழியின்றி ஈயோட்டும் சிறுகடைக்காரரும், நோயாளியோடு நெரிசலில் சிக்கிய ஊர்தியும் இதற்கு விலை கொடுக்கின்றனர். ஒப்பந்தத் தாளிலோ இவர்களுள் ஒருவருடைய கையெழுத்தும் இல்லை!

கரணியம் கேட்டால், மழை என்பர்; ஆள் கிடைக்கவில்லை என்பர்; நிலம் தர மக்கள் மறுக்கின்றனர் என்பர். இவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் முதல் மண்வெட்டி மண்ணிற் படுமுன்பே பெரும்பாலான சாலைகளின் காலத்தாழ்ச்சி உறுதியாகிவிடுகிறது என்பதே என் கருத்து.

சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை திட்டமிடப்பட்ட மேம்பாலச் சாலையை எடுத்துக்கொள்வோம். 2009 சனவரியில் அன்றைய தலைமையமைச்சர் மன்மோகன் சிங் அதற்குக் கால்கோள் செய்தார். நீளம் ஏறத்தாழ 19 கி.மீ.; மதிப்பீடு 1,600 கோடி உருபாவுக்கு மேல். தூண்கள் எழுந்தன. 2012இல், கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று கூறி மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் சென்னை உயர்முறைமன்றம் அத்தடையை நீக்கியது; ஆயினும் பாலம் வளரவில்லை. ஆண்டுக்கணக்கில் மொட்டைத் தூண்கள் ஆற்றோரம் நின்றன. 2022 மே மாதம், ஈரடுக்குப் பாலமாக மாற்றப்பட்ட அதே திட்டத்திற்குத் தலைமையமைச்சர் மோடி மீண்டும் கால்கோள் செய்தார். மதிப்பீடு 5,800 கோடி உருபாவைத் தாண்டிவிட்டது. வடிவம் மாறியதால் இவ் வேற்றுமை முழுவதையும் காலத்தாழ்ச்சியின் தலையில் ஏற்றுதல் முறையாகாது. ஆனால், ஒரு சாலைக்கு இருமுறை கால்கோள் விழா எடுத்த நாட்டில், ஆற்றில் தூண் நடலாமா என்னும் வினாவை முதல் விழாவுக்கு முன்பே இரண்டு அரசுகளும் ஐயமறத் தீர்த்திருக்க வேண்டாவா?

சிறிய சாலைகளிலும் நிலை இதுவே. முதலாவது, நிலம். 1894ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டத்தினிடத்தில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், 2014 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நிலமிழப்போர்க்கு உரிய இழப்பீடும் மறுவாழ்வும் அது வகுக்கிறது. பணமும் பட்டாவும் ஒழுங்காக இருந்தால் பலர் இசைவர். உரிமையாவணம் ஒரு பெயரிலும் குடியிருப்பு வேறு பெயரிலும் கிடக்க, அளவையை முடிக்காமலே ஒப்பந்தம் விடுவதால் வழக்கு எழுகிறது. பின்னர்ப் பழியை மட்டும் ஏழை வீட்டுக்காரன் மேல் ஏற்றுகின்றனர்.

இரண்டாவது, மண்ணுக்கு அடியில் உள்ளவை. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம், மழைநீர் வடிகால் எனத் தெருவின் அடியில் ஐந்து துறைகள் உறைகின்றன. எது எங்குள்ளது என்று காட்டும் ஒரே வரைபடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தோண்டிய பின்னரே குழாய் தெரிகிறது. அதை எத்துறை அகற்றுவது, எவர் பணத்தில் அகற்றுவது என்று மடல் போக்குவரத்து நடக்கும், மண்வெட்டி ஓய்ந்திருக்கும். ஒருவாறு தாரிட்டு முடித்தால், அடுத்த திங்களே இன்னொரு துறை அதை வெட்டும்!

மூன்றாவது, பருவம். சென்னையின் மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஈரத்தில் தார் பற்றாது. ஐப்பசியும் கார்த்திகையும் நேற்று வந்தவை அல்ல. இருந்தும், ஏப்பிரலில் தொடங்கும் கணக்காண்டில் இசைவும் ஒப்பந்தமும் கடந்து பணியாணை கைக்கு வரும்போது வானம் கறுத்துவிடுகிறது.

நான்காவது, மிகக் குறைந்த விலை கேட்டவர்க்கே வேலை என்னும் முறை. கட்டாத விலைக்கு எடுத்தவர், பட்டியற்பணம் காலத்தில் வராதபோது ஆட்களை வேறிடத்திற்கு நகர்த்திவிடுகிறார்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வினைத்திட்பம் அவற்றிற்கு நெடுந்தொலைவு பின்னரே வருகிறது. நாமோ திட்பத்தை மேடையில் முழங்கிவிட்டு, இடத்தையும் காலத்தையும் பின்னர்த் தேடுகிறோம்.

“எல்லாம் கைக்கு வரும்வரை காத்திருந்தால் எந்தச் சாலையும் தொடங்காது” என்பார் உளர். தாளில் காத்திருக்கும் சாலையால் தெருவில் எவரும் இடறி விழுவதில்லை. பாதியில் நிற்கும் பள்ளமோ நாள்தோறும் மக்கள் பொழுதையும் பிழைப்பையும் விழுங்குகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டுவன மூன்று. நிலமும் இசைவுகளும் கைக்கு வந்து, குழாய் வடங்களின் வரைபடம் முடிந்தபின்னரே கால்கோள் நடைபெறல் வேண்டும். துறைகள் அனைத்தையும் ஆணையிட்டு நடத்தும் பொறுப்பு ஒரே அலுவலரிடம் இருத்தல் வேண்டும். அவர் பெயரும், பணி முடியும் நாளும், தாழ்ந்தால் அதற்குரிய கரணியமும் பணியிடத்திலேயே எவர்க்கும் விளங்கும் நல்ல தமிழில் எழுதி வைக்கப்படல் வேண்டும். வரி கொடுப்பவன் வினவத் தொடங்கினாலன்றி இப் பள்ளங்கள் மூடப்படா. உங்கள் தெருவில் அடுத்த பள்ளம் தோண்டப்படும் நாளிலேயே, முடியும் நாள் எது என்று கேளுங்கள்!