பெற்றவளைப் பேணுவது பெருங்கடமை

மதுரை கோரிப்பாளையம் தர்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் அரசு இராஜாஜி மருத்துவமனை அமைந்திருக்கிறது. வைகையின் இரு கரைகளிலிருந்தும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளிலிருந்தும் நிறைமாதப் பெண்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். உள்ளே ஓர் உயிர் இன்னோர் உயிரை உலகுக்குத் தருவதற்காகப் போராடுகிறது. வெளியே கணவனும் அத்தாவும் மாமனாரும் காத்திருக்கிறார்கள். கதவு திறந்ததும் 'என்ன குழந்தை?' என்பதே அவர்கள் நாவில் முதலில் எழும் கேள்வி. 'தாய் எப்படி இருக்கிறாள்?' என்பது பெரும்பாலும் இரண்டாவதாகவே வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே இன்று வாசகர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்.

இது நமது சொந்தக் கருத்தன்று. திருமறை கற்பிக்கும் வரிசையே இதுதான். மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேதனை கண்ட வேளையைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. பேரீச்ச மரத்தடியில், துணைக்கு யாருமின்றி, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் மனம் நொந்தார்கள். அப்போது எழுந்த அழைப்பு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கவலை வேண்டாம் என்றது; காலடியில் ஓடும் நீரைக் காட்டியது; மரத்தை உலுக்கிக் கனிந்த பழத்தை உண்ணவும், பருகவும், கண் குளிரவும் சொன்னது. ஊராருக்கு என்ன விடை சொல்வது என்பது அதன் பிறகே வருகிறது. முதலில் தாய்க்கு ஆறுதல், தண்ணீர், உணவு. மற்றவை எல்லாம் பிறகுதான். இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

மர்யம் (அலை) அவர்களுக்கு வானிலிருந்து துணை வந்தது. மற்றப் பெண்களுக்கு மனிதர்கள்தாம் துணையாக வேண்டும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்க்காவல் சுற்றியபோது, மதீனாவின் புறத்தே ஒரு கூடாரத்திலிருந்து பெண்ணின் முனகலைக் கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வழிப்போக்கரான கணவர் வெளியே செய்வதறியாது அமர்ந்திருந்தார்; அப்பெண்ணுக்கு உதவ ஒரு பெண்கூட இல்லை. கலீஃபா விரைந்து வீடு திரும்பித் தம் மனைவி உம்மு குல்தூம் (ரலி) அவர்களை அழைத்து வந்தார்கள். மாவையும் கொழுப்பையும் தாமே சுமந்து வந்து, வெளியே அடுப்பு மூட்டி ஊதினார்கள். பேரரசின் தலைவர் ஒரு பிரசவத்துக்காகப் புகையில் அமர்ந்திருந்தார் என்றால், 'இது பெண்கள் விவகாரம்' என்று ஒதுங்கி நிற்க நம்மில் எவருக்கு உரிமை இருக்கிறது?

இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. வலி தொடங்கியது முதல் அருகிருந்து தைரியம் சொல்லும் துணை ஒருவர் இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது. அறுவைச் சிகிச்சையின் தேவையும் குறைகிறது. பேறுகாலப் பெண் விரும்பும் துணையை உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பெண் துணைக்கு இடமுண்டு. எனவே யார் உடன் செல்வது என்பதை வலி கண்ட இரவில் பேசித் தீர்க்காதீர்கள்; ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். மாமியாரா, தாயாரா என்னும் போட்டி வேண்டாம். யார் பக்கத்தில் இருந்தால் அவள் மனம் அமைதியுறுமோ, அவரே செல்லட்டும்.

துணை என்பது பிரசவ அறையில் தொடங்குவதன்று. கருவுற்ற நாளிலேயே தொடங்குகிறது. தாய் நலிவின் மேல் நலிவுற்றுப் பிள்ளையைச் சுமக்கிறாள் என்று திருமறை உணர்த்துகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டிற்று. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் மருமகளுக்கு இரத்தம் எங்கிருந்து ஊறும்? கீரையும் பருப்பும் முட்டையும் இறைச்சியும் முதலில் அவள் தட்டுக்குச் செல்லட்டும். இரும்புச்சத்து மாத்திரையை அவள் உட்கொண்டாளா என்று கணவன் கேட்கட்டும். ரமளானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் தந்துள்ள சலுகையை, 'நோன்பை விட்டுவிட்டாளே' என்னும் ஏளனத்தால் நாம் பறித்துவிடக் கூடாது. விடுபட்ட நோன்பை எவ்வாறு ஈடு செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

இதே உமர் (ரலி) அவர்கள் முதலில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள். அத்தொகைக்காக ஒரு தாய் தன் குழந்தையின் பாலை முன்னதாகவே நிறுத்த முயன்றதையும், குழந்தை இரவெல்லாம் அழுததையும் கண்டு கலங்கி, பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு என்று ஆணையிட்டார்கள். நம் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதன் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் இடம்பெற்றிருப்பது நம் மனத்துக்கு நெருக்கமான செய்தி. முதல் 12 வாரங்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்வது முக்கியம். 'இப்போதே வெளியே சொன்னால் கண்பட்டுவிடும்' என்று தள்ளிப்போட்டு அந்த உரிமையை இழக்க வேண்டாம்.

மற்றொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட ஒரு தாய் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புறத்தில் ஐந்தாவது குழந்தையை வீட்டில் ஈன்ற ஒரு முஸ்லிம் சகோதரி இறந்தார். கணவர் கைது செய்யப்பட்டார். பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தப்போக்கு இரண்டே மணி நேரத்தில் ஒரு தாயைக் கொண்டுபோய்விடக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த அறிவுரையல்லவா? மருத்துவமனையை மறுப்பது தவக்குல் ஆகாது. பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரிப்பது முறை. உயிருக்கு ஆபத்தான வேளையில் ஆண் மருத்துவர் என்பதற்காகத் தயங்குவது முறையன்று. நிர்ப்பந்தம் தடைகளைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் நன்கறியப்பட்ட விதி.

வலி விட்டுவிட்டு வரும் தொடக்க நேரத்தில் வீட்டார் பதற வேண்டியதில்லை. மெல்ல நடக்கவிடுங்கள், கஞ்சியோ பாலோ கொடுங்கள், இடுப்பைத் தடவிவிடுங்கள், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்கு வையுங்கள். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, கடுந்தலைவலியும் கண்மங்கலும் தோன்றினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. நல்ல நேரம் பார்ப்பதும் பெரியவர்கள் வரட்டும் என்பதும் அப்போது கூடா. 2008 முதல் இயங்கும் 108 ஊர்தியை உடனே அழையுங்கள்.

பிள்ளை பிறந்த பின்புதான் பல வீடுகளில் தாய் மறக்கப்படுகிறாள். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 அறுவை மூலம் நிகழ்வதாக அதே கணக்கெடுப்பு கூறுகிறது. வயிற்றில் தையலோடு வந்தவளைப் பத்தாம் நாளே குடம் தூக்கச் சொல்வது எந்த நீதி? நிஃபாஸ் என்பது தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் இறைவன் அளித்த ஓய்வு. அவளைத் தீண்டாமல் ஒதுக்கி வைப்பதற்கான காலமன்று. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை என்று வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டுவதே நலம். ஒரு வயது நிறையும்வரை தேன் ஆகாது. பத்தியம் என்ற பெயரால் பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போடாதீர்கள். பாலூட்டுபவளுக்கு மற்றவர்களைவிட அதிக உணவும் தண்ணீரும் தேவை. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் 2ஆம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வைத்திருக்கிறது.

அவளது மனத்தையும் மறந்துவிட வேண்டாம். முதல் சில நாட்கள் காரணமின்றி அழுவது இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேலும் அழுகை நீடித்து, உறக்கமும் உணவும் குலைந்து, குழந்தையைப் பார்க்கவே வெறுப்புத் தோன்றினால் அது நோய். ஜின்னின் சேட்டை அன்று. ஓதிப் பார்ப்போர் ஓதட்டும். மருத்துவரிடமும் தவறாமல் காட்டுங்கள். 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணிப் பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள். இரவில் பிள்ளை அழும்போது எழுந்து சற்று நேரம் தோளில் சுமக்கும் கணவன், அந்த வழிமுறையின் சாயலைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. மஹல்லாவில் நிறைமாதமாய் இருக்கும் ஏழைப் பெண்கள் யார், கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனித்திருப்பவர்கள் யார் என்பதை முத்தவல்லிமார் அறிந்திருக்க வேண்டும். பைத்துல்மாலில் வண்டிச் செலவுக்கும் ஊட்டத்துக்கும் ஒரு சிறு தொகை ஒதுங்கட்டும். இரத்தம் தர முன்வரும் இளைஞர்களின் பட்டியல் பள்ளிவாசலில் இருக்கட்டும். அகீகா விருந்தின் ஆடம்பரத்தில் பாதியைக் குறைத்தால், ஒரு தாயின் நாற்பது நாள் உணவுக்கு வழி பிறக்கும்.

வாசகர்களே! தாயின் காலடியில் சுவர்க்கம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தத் தாய் இன்று உங்கள் வீட்டின் உள்ளறையில், உறக்கமற்ற கண்களோடு, பிள்ளையை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கக்கூடும். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் முதலில் அவளிடம் செல்லுங்கள், 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, அவளைச் சற்றே உறங்கவிடுங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தாய்மார்கள் அனைவருக்கும் எளிய பிரசவத்தையும் நிறைந்த நலத்தையும் அருள்வானாக! ஆமீன்.