நன்றி கூற வேண்டியவர் யார்?

"எத்தொழிலாயினும் இறைவன் தந்தது; அதில் நிறைவு காண்; கிடைத்ததற்கு நன்றி பாராட்டு" என்னும் உபதேசம் நம் சமுதாயத்தில் ஓயாது ஒலித்து வருகின்றது. இவ்வுபதேசம் நியாயவாதியை நோக்கிச் செய்யப்படுவதில்லை. எந்திரியை நோக்கியும் செய்யப்படுவதில்லை. துணி வெளுப்பவரையும் தெருக் கூட்டுபவரையும் மயிர் வெட்டுபவரையும் நோக்கியே செய்யப்படுகின்றது. நிறைவுக்கு வேண்டிய யாவும் பெற்றவனிடம் நிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. அவை மறுக்கப்பட்டவனிடமே பிரசங்கம் தேவைப்படுகின்றது.

இதற்கு எதிராக நம்மவரிடையே வேறொரு குரலும் எழுவதுண்டு. "சவரத் தொழிலில் என்ன நிறைவு இருக்கிறது? அஃது அடிமைத்தனத்தின் சின்னம், கத்தியைக் கீழே போடுவதே விடுதலை" என்கிறது அக்குரல். அதன் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இவ்விரு குரல்களும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது நமது துணிபு. முன்னது சாதியைத் தொழில் என்று பெயர் மாற்றிப் போற்றுகின்றது. பின்னது தொழிலைச் சாதி என்றே எண்ணி வெறுக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாலன்றி ஒரு சிகையலங்காரத் தொழிலாளி தன் வேலையிற் காணும் மகிழ்ச்சியை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

முதலிலே தொழிலைப் பார்ப்போம். எந்த இரு தலைகளும் ஒன்றாக இருப்பதில்லை. சுழி எங்கே இருக்கிறது, மயிர் எப்பக்கம் படிகிறது, நெற்றி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பவற்றையெல்லாம் சீப்பு முதன்முறை ஓடும்போதே கை அறிந்துகொள்ள வேண்டும். சுருக்கம் விழுந்த முதியவரின் கன்னத்திலே கத்தி ஒரு விதமாகவும், முதன்முதல் முகஞ்சவரம் செய்ய வந்த இளைஞனின் கன்னத்திலே வேறொரு விதமாகவும் செல்ல வேண்டும். அழுது துள்ளும் குழந்தையைப் பேச்சாலே அமர்த்திக் காதோரம் கத்தரிக்கோலை நடத்துவதற்கு வேண்டிய பொறுமை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல்லாண்டுப் பயிற்சியால் விரலில் ஏறிய அறிவு அது.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிலாளி தான் ஆக்கிய பொருளிலிருந்து அந்நியனாக்கப்படுவதைப் பற்றி இளம் மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிலே விளக்கினார். ஆடைத் தொழிற்சாலையிலே சட்டைக் கழுத்தை மட்டும் நாள் முழுவதும் தைக்கும் பெண், அச்சட்டையை அணிபவனை ஒருநாளும் காணப்போவதில்லை. சலூன் தொழிலாளியோ தன் உழைப்பின் பயனை அப்போதே, எதிரேயுள்ள கண்ணாடியிலே, ஒரு மனிதனின் முகத்திலே காண்கிறான். நோயிலிருந்து எழுந்தவன் மீண்டும் மனிதச் சாயல் பெறுவதையும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞன் நிமிர்ந்து உட்காருவதையும் அவன் காண்கிறான். இந்த மகிழ்ச்சி பொய்யன்று. இதனை மறுப்பவர் உழைப்பின் இயல்பையே அறியாதவர்.

அவ்வாறாயின் இழிவு எங்கிருந்து வந்தது? கத்தியிலிருந்து வரவில்லை என்பதற்கு வரலாறு சான்று. 1540ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கத்தில் இணைக்கப்பட்டனர். 1745இலேதான் சத்திரவைத்தியர் தனியே பிரிந்தனர். 16ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய மன்னர் நால்வருக்குச் சத்திரவைத்தியராக விளங்கிய அம்புறுவாஸ் பரே, நாவிதச் சத்திரவைத்தியராகத் தொழில் பயின்றவர். அவயவத்தை வெட்டிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுடும் கொடுமைக்குப் பதிலாக, இரத்தக் குழாயை நூலாற் கட்டும் முறையை நிலைநாட்ட உழைத்தவர் அவர். நமது நாட்டிலும் இவ்வுறவின் தடயம் சொல்லிலேயே தங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் 'பரியாரி' என்று நாட்டு வைத்தியரையும் அழைத்தனர், நாவிதரையும் அழைத்தனர். சொல் ஒன்றாக இருந்தது. கொடுத்த இருக்கை மட்டும் வேறாக இருந்தது.

அந்த வேறுபாட்டை உண்டாக்கியது குடிமை முறையே. இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம் சவரம் செய்ய வேண்டும் என்பது பிறப்பால் விதிக்கப்பட்டது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவரின்றிக் கருமம் நடவாது. ஆனால் கருமம் முடிந்ததும் அவர் முற்றத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். கூரிய கத்தியோடு நிற்பவரிடம் தன் கழுத்தை நம்பி ஒப்படைத்த அதே மனிதர், அவர் கோயிலுக்குள் வந்தாற் கடவுள் தீட்டுப்படுவார் என்று நம்பினார்! கூலியோ பேசி வாங்கும் கூலியன்று. அறுவடை நாளில் அளந்து போடும் நெல். அதனைப் பெறும்போது குனிந்து நன்றி கூற வேண்டும் என்பதே 'முறை'.

இங்கேதான் நன்றி என்னும் சொல்லின் மோசடி வெளியாகின்றது. உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, அதற்காக அவனையே நன்றி கூறச் செய்வது எந்த நியாயம்? நன்றி என்பது சமமானவர்களுக்கிடையே உலவும் பண்பு. மேலே நின்றவன் கீழே நிற்பவனிடம் அதனைக் கேட்டு வாங்கும்போது அது திறையாகி விடுகின்றது.

"ஆகவே கத்தியைக் கீழே போடு" என்பாருக்கு நாம் கூறுவது வேறு. எத்தொழிலையும் விட்டு விலகும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. தந்தையின் கத்தியை மகன் ஏந்த வேண்டும் என்னும் விதியை உடைத்தெறிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மயிர் வளர்ந்துகொண்டே இருக்கும். யாரோ ஒருவர் வெட்டியே ஆகவேண்டும். ஒருவர் விட்டுச் சென்ற இழிவை மற்றொருவர் தலையில் ஏற்றுவது விடுதலையாகாது. கத்தியைப் பிடித்த கை நிமிர்ந்து நிற்பதே விடுதலை.

அக்கை நிமிர்ந்து நின்ற வரலாறும் உண்டு. 1890ஆம் ஆண்டளவிலே பம்பாயில், ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நாவிதர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக அன்று. கணவனை இழந்த பெண்களின் தலையை மழிக்கும் கொடுமைக்குத் தங்கள் கத்தி இனிப் பயன்படாது என்பதற்காக. சாத்திரம் படித்த பண்டிதர்கள் மௌனம் சாதித்த விடயத்திலே, எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளர் தம் கருவியைக் கீழே வைத்தனர். எது செய்யலாம், எது செய்யலாகாது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தொழிலாளி எடுத்துக்கொண்ட அக்கணத்திலேயே தொழில் மாண்பு பெறுகின்றது.

மறுக்கும் உரிமை வேறு. மறுக்குமாறு நிர்ப்பந்திக்கப்படுவது வேறு. தென்னாபிரிக்காவிலே பிரிட்டோரியா நகரில் வெள்ளை நாவிதர் ஒருவர் காந்திக்கு மயிர் வெட்ட மறுத்தார். காந்தி தம் மயிரைத் தாமே வெட்டிக்கொண்டார். ஆயினும் அந்த நாவிதரை அவர் குற்றங் கூறவில்லை. கறுப்பருக்குப் பணி செய்தால் வெள்ளை வாடிக்கையாளரை இழக்க நேரும் என்பதை உணர்ந்ததோடு, தீண்டப்படாதோருக்கு மயிர் வெட்ட நம் நாவிதரை நாம் விடுவதில்லையே என்பதையும் தம் சுயசரிதையிலே எண்ணிப் பார்த்தார். நம் ஊர்களிலும் இந்நிலை இருந்தது. ஒடுக்கப்பட்ட ஒருவருக்கு மயிர் வெட்டினால் 'பெரியவர்கள்' வரமாட்டார்கள் என்ற அச்சமே, தானும் ஒடுக்கப்பட்டவரான தொழிலாளியைக் கதவடைக்க வைத்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரும், 1966 முதல் வீதியில் இறங்கிப் போராடிய பின்னரே பல கதவுகள் திறந்தன. வருபவர் எவராயினும் அதே கதிரை, அதே துவாய் என்னும் நிலையிலேதான் சலூன் தொழிலாளியின் நிறைவு முழுமை பெறுகின்றது. பிறனொருவனை வெளியே நிறுத்திவிட்டு எவனும் தன் தொழிலிற் பெருமை கொள்ள முடியாது.

சலூனில் நிறைவு காணலாமா என்று கேட்பவருக்கு நம் நாட்டிலேயே மறுமொழி இருக்கிறது. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் இத்தொழில் செய்தவர். பள்ளியிலே ஆசிரியர் ஒருவர் சாதி சுட்டி இழித்த வடு அவர் வாழ்வில் ஆழப் பதிந்திருந்தது. அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' பல தசாப்தங்கள் மணம் வீசியது. அவர் சலூனை மறைத்துக்கொண்டு இலக்கியம் செய்யவில்லை. சலூனில் நின்றுகொண்டே செய்தார். 2021 ஜனவரியில் அவர் மறையும்வரை தம் தொழிலைச் சொல்ல அவர் நாணியதில்லை. அவர் கண்ட நிறைவு பணிந்து பெற்ற நிறைவன்று. போரிட்டுப் பெற்ற நிறைவு.

இன்றோ வேறொரு மயக்கம் பரவியிருக்கிறது. கொழும்பிலே குளிரூட்டப்பட்ட மண்டபங்களில், கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே இத்தொழில் புதுப் பெயர்களோடு நடக்கின்றது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இதற்குச் சான்றிதழ் வழங்குகின்றன. எந்தக் குலத்துப் பிள்ளையும் கற்கலாம். இஃது ஒரு முன்னேற்றமே. ஆயினும் பணம் புகுந்ததால் தொழிலின் இழிவு போயிற்று என்றாற் போதாது. தொழிலாளியின் நிலை என்ன என்று நாம் கேட்கிறோம். நாள் முழுவதும் நின்று கால் நரம்பு புடைத்தவருக்கு ஓய்வு உண்டா? மயிர்ச் சாயங்களின் இரசாயனம் கைத்தோலைப் புண்ணாக்குவது யாவரும் அறிந்ததே. மயிர் வெட்டுவோரும் சிகையலங்கரிப்போரும் தொழில் காரணமாக எதிர்கொள்ளும் தாக்கத்தைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க 2ஏ பிரிவிலே சேர்த்திருக்கிறது. கையுறையும் காற்றோட்டமும் தராத முதலாளி நிறைவைப் பற்றி உபதேசிப்பது வேடிக்கை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். எத்தனை கடைகளில் இது செலுத்தப்படுகின்றது? கதிரைக்கு இத்தனை என்று பங்கு பேசி, நோயுற்ற நாளுக்கு ஒன்றுமில்லாது விடுவது பழைய நெல்லளவின் புதிய உருவமன்றி வேறென்ன?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சலூன்கள் மூடப்பட்டபோது, வீடுதோறும் கோணல் மாணலாகக் கத்தரிக்கப்பட்ட தலைகளைக் கண்டோம். இத்தொழிலின் அருமை அப்போது புரிந்தது. கடைகள் திறந்ததும் புரிந்தது மறந்தது. பேரம் மட்டும் நினைவில் நின்றது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கூற விரும்புகிறோம். கணக்குத் தவறிய மாணவனைப் பார்த்து, "நீ சிரைக்கத்தான் போவாய்" என்று ஏசும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் மடிந்துவிடவில்லை. மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு வகுப்பிலே இவ்வாறு ஏசுபவரும் உளர். அவ்வகுப்பின் மூன்றாம் வாங்கில், அத்தொழிலின் வருவாயாற் கொப்பி வாங்கி வந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அப்பிள்ளைக்கு நாம் அன்று கற்பித்தது கணக்கன்று; தன் தந்தையைக் குறித்து நாணுவது எப்படி என்பதையே கற்பித்தோம். ஆயிரம் சட்டங்கள் வந்தும் சாதி சாகாமைக்கு இச்சிறு வசவும் ஒரு காரணம். மாணவ நண்பர்களுக்கும் இஃது உரியது. நகைச்சுவைக்கென்று நீங்கள் சொல்லும் சொல்லில் எந்தக் காலத்துக் குடிமை ஒளிந்திருக்கிறது என்று சிந்தியுங்கள்.

சிகையலங்காரத் தொழிலாளி நன்றி கூறட்டும், நாம் தடுக்கவில்லை. கத்தி பிடிக்கக் கற்பித்த மூத்த தொழிலாளிக்கும், தன்னை நம்பி அமர்ந்த வாடிக்கையாளனுக்கும், உரிமைக்காக உடன் நின்ற தோழனுக்கும் அவன் மனமுவந்து கூறும் நன்றி அழகானது. ஆனால் அதற்கு முன்னே கூறப்பட வேண்டிய நன்றியொன்று நிலுவையில் இருக்கிறது. பிறந்த பிள்ளையின் முடியிறக்கியது முதல் இறந்தவரின் கடைசிக் கருமம் வரை தமக்கு வேண்டிய யாவும் செய்வித்துக்கொண்டு, செய்தவரை முற்றத்தில் நிறுத்திய சமுதாயம் செலுத்த வேண்டிய நன்றி அது. வாயாற் சொல்லித் தீரும் கடனுமன்று. நியாயமான கூலியாலும், பாதுகாப்பான வேலைத்தலத்தாலும், பிள்ளைகள் விரும்பிய எத்தொழிலையும் தெரிந்தெடுக்கும் கல்வியாலும், சமமான இருக்கையாலும் தீர்க்க வேண்டிய கடன். அதனை அறவிடும் போராட்டத்தில் அத்தொழிலாளரின் சங்கங்களோடு நிற்பது நம் கடமை.