ஊருணியும் வணிகமும்

பலர் கூடி ஆக்கிய பொதுப்பொருளைக் கொண்டு ஒருவர் வணிகம் செய்து பொருளீட்டுவது முறையா என்பது பழைய வினா. கணிப்பொறி உலகில் அவ்வினா இன்று புதுவடிவில் எழுந்துள்ளது. தன்னார்வலர் பலர் ஆக்கியளித்த கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பெருநிறுவனங்கள் கோடிகோடியாய் ஈட்டுகின்றன. இது தொண்டுக்கும் வணிகத்திற்கும் உள்ள பகையா, உறவா? உறவெனின் அதன் நெறி யாது? இதனை நடுநிலையோடு நோக்குதல் நம் கடனாகும்.

இலவசமும் விடுதலையும்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் சொல் விலையில்லாததையும் குறிக்கும், தளையற்றதையும் குறிக்கும். இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. தமிழில் இலவசம் வேறு, விடுதலை வேறு. 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் நாடியது விடுதலையையே. மென்பொருளை விரும்பியவாறு இயக்கவும், மூலநிரலைப் பயின்று திருத்தவும், படியெடுத்துப் பகிரவும், திருத்திய வடிவைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. விற்றலாகாது என்று அவர் கூறினாரல்லர். தொடக்க நாட்களில் தம் ஈமாக்ஸ் மென்பொருள் பதிந்த நாடாவை 150 டாலருக்கு அவரே விற்றார் என்பது கருதத்தக்கது.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸின் முதல் உரிமம், பணம் பெற்று வழங்குதலைத் தடுத்தது. 1992-இல் அவர் அத்தடையை நீக்கிக் குனூ பொது உரிமத்தை ஏற்றார். அதன்பின் வணிகர்க்கு வாயில் திறந்தது. 1993-இல் தோன்றிய ரெட் ஹேட் நிறுவனத்தை 2019-இல் ஐ.பி.எம். ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று லினக்ஸ் கருநிரலில் சேரும் மாற்றங்களுள் பெரும்பகுதி, நிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர் எழுதுவதே. ஆகவே வணிகம் நுழைந்தால் தொண்டு அழியும் என்பது முற்றும் பொருந்தாது.

காணப்படாத உழைப்பு

எனினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. இணைய வழியே செல்லும் மறைச்செய்திகளைக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளை உலகின் பெருநிறுவனங்கள் பலவும் பயன்படுத்தி வந்தன. அதனைப் பேணியவரோ ஒரு சிலர். அவர்க்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும்பிழை அதில் வெளிப்பட்ட பின்னரே நிறுவனங்கள் விழித்தெழுந்து பொதுநிதி திரட்டின.

அப்படிப்பினையும் போதவில்லை. எக்ஸ்.இசட். என்னும் சுருக்க மென்பொருளை ஊதியமின்றித் தனியொருவர் பேணி வந்தார். உதவுவார்போல் வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை வளர்த்து அதில் கள்ளவழியொன்றைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் அதனைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனப் பொறியாளர் ஒருவர். கணிப்பொறியில் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்றதே காரணம். தனித்து விடப்பட்ட தொண்டு எத்துணை நலிவுறும் என்பதையும், வணிகத்தில் இருப்போரும் பொதுநலம் காக்க இயலும் என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகின்றது.

ஊருணி நீர் முகக்க முகக்கக் குறையும். மென்பொருளோ எத்தனை படியெடுப்பினும் குறையாது. ஆதலின் எடுப்போர் யார்க்கும் இழப்பில்லை என்பர் சிலர். குறைவது நிரலன்று, அதனைப் பேணுவோரின் காலமும் உடல்நலமுமே. ஊருணியில் நீர் முகப்போர் பலராயினும் தூர்வாருவோர் ஒருவரே ஆயின், அவ்வூருணி எத்துணைக் காலம் நிலைக்கும்?

இருபாலார் கடமை

'உரிமம் எமக்கு இசைவளித்துள்ளது; மேலும் கேட்பது ஏன்?' என நிறுவனங்கள் வினவலாம். உரிமம் சட்டத்தின் எல்லை. கைம்மாறு அறத்தின் எல்லை. அறத்தை விடுத்து ஆதாயத்தை மட்டும் எண்ணினும், தாம் சாய்ந்திருக்கும் தூணைப் பழுதுபார்த்தல் தமக்கே நன்றன்றோ? இடர் வந்தபின் வழங்கும் நிதியினும், வருமுன் வழங்கும் உழைப்பே சிறந்தது.

மென்பொருள் ஆக்குவோர்க்கும் கடமையுண்டு. எலாஸ்டிக் நிறுவனம் 2021-இல், பிறர் தம் மென்பொருளைச் சேவையாக விற்பதைத் தடுக்கும் நோக்கில் உரிமத்தை இறுக்கியது. அமேசான் பழைய நிரலினின்று 'ஓப்பன்சர்ச்' எனத் தனிக்கிளையைத் தொடங்கியது. 2024-இல் எலாஸ்டிக் மீண்டும் கட்டற்ற உரிமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. பிறர் பங்களிப்பை ஒரு நெறியின்கீழ்ப் பெற்று, இடைவழியில் நெறியை மாற்றுவது நம்பிக்கையைக் குலைக்கும். பொருள் வேண்டுமெனின் பயிற்சி, பராமரிப்பு, ஆலோசனை ஆகியவற்றிற்கு விலை கேட்கலாம், அதில் இழுக்கில்லை.

நம் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நிரல் எழுதத் தெரிந்தோர் பிழை திருத்தலாம். தமிழ் பயில்வோர் லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தைச் செம்மை செய்யலாம். நற்கலைச்சொல் தேர்ந்து தரலாம். எடுத்துப் பயன்கொள்ளும் கை, கொடுக்கவும் பழகுதல் வேண்டும். வணிகனுக்கு நாம் கூறும் இந்நெறி நமக்கும் உரியதே.